கைக்குத் தக்க பிடி: கோல்ஃப் மட்டையிலிருந்து ஜவ்வாது மலை மம்பட்டி வரை

ஜவ்வாது மலையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கோடைக்குத் தங்கப் போன மலைகளில்தான் அந்த ஆட்டம் வேர் பிடித்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. நீலகிரியில் ஊட்டியும் வெலிங்டனும் சேர்ந்துகொண்டன. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை அந்தப் பட்டியலில் வரவில்லை. சந்தனத்துக்குப் பேர்போன மலை அது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளைவிக்கிறார்கள். புளியும் தேனும் நெல்லிக்காயும் சேகரிக்கிறார்கள். அங்கே பெண்கள் கையில் பிடிப்பது மம்பட்டி, களைக்கொத்து, அரிவாள், உலக்கை.

கோல்ஃப் மட்டையையும் இந்தக் கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. ஒரே வேலைக்கான கருவியை ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று செய்ய வேண்டுமா, செய்வதென்றால் எதை அளவுகோலாகக் கொள்வது? இந்தக் கேள்வியை நூறாண்டுக்கும் மேலாக, பணத்தைக் கொட்டி, விதவிதமாகச் சோதித்துப் பார்த்த துறை கோல்ஃப். மலைக்கொல்லையைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஓய்வுநேர ஆட்டத்தில் கிடைத்த விடை கடைவரை வந்துவிட்டது. வயிற்றுப்பாட்டு வேலையில் கிடைத்த விடை சந்தைவரை வரவில்லை. இந்த இடைவெளிதான் என்னை எழுத வைக்கிறது.

முதலில் கோல்ஃப் மட்டை. கடையில் ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று பிரித்து வைத்திருப்பவற்றில் ஒவ்வொன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்கு முதலில் தெரிவது நீளம். பந்தை அதிக தூரம் அடிக்கும் டிரைவர் என்ற மட்டை ஆண்களுக்கு 45 அங்குலத்துக்குச் சற்று மேலே போகும். பெண்களுக்கு ஏறக்குறைய 44 அங்குலம். நடுத்தர தூரத்துக்கான 7-ஆம் எண் அயர்ன் ஆணுக்கு 37, பெண்ணுக்கு 36 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஆடுபவர் குனியும் அளவும், பந்துக்கும் காலுக்கும் உள்ள தூரமும், மட்டையின் தலை தரையில் படியும் கோணமும் அந்த ஓர் அங்குலத்தில் மாறிவிடுகின்றன. உடலுக்கு நீளமான மட்டையைப் பிடித்தால் அதன் நுனி மேலே தூக்கிக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் விலகும்.

அடுத்தது தண்டு. மட்டையின் உயிர் தலையில் இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும்; ஆடுபவருக்குத் தண்டுதான் முக்கியம். பெண்களுக்கான மட்டைகளில் பெரும்பாலும் கிராஃபைட் தண்டு, எடை 40 முதல் 55 கிராமுக்குள். ஆண்களின் அயர்ன் மட்டைகளில் இன்றும் எஃகுத் தண்டு பரவலாக உண்டு. அது நூறு கிராமையும் தாண்டும். தண்டு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதை ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். எல் என்றால் பெண்களுக்கு, ஏ என்றால் முதியவர்களுக்கு, ஆர் வழக்கமானது, எஸ் விறைப்பானது, எக்ஸ் மிக விறைப்பானது. வேகமாக வீசுபவர் கையில் இளகிய தண்டு இருந்தால் தலை எங்கே வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. மெதுவாக வீசுபவர் கையில் விறைத்த தண்டு இருந்தால் தலை பந்தைச் சந்திக்கும்போது முகம் இன்னும் திறந்தே இருக்கும். பந்து தாழ்வாக, வலப்பக்கமாகப் போய் விழும்.

மூன்றாவது, தலையின் முகச்சாய்வு. ஆண்களின் டிரைவரில் 9 முதல் 10.5 பாகை, பெண்களின் டிரைவரில் 12 அல்லது அதற்கு மேல். இதில் உள்ள இயற்பியல் அழகானது. பந்து காற்றில் மிதப்பது அதன் வேகத்தாலும் பின்சுழற்சியாலும். வேகம் குறைந்தால் மிதக்கும் விசையும் குறையும். அதை ஈடுகட்ட ஏறுகோணத்தைக் கூட்ட வேண்டும். மெதுவாக வீசுபவருக்குச் சாய்வு குறைந்த மட்டையைக் கொடுத்தால் அவர் எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும் பந்து சீக்கிரம் தரைக்கு வந்துவிடும். ஆட்டம் வரவில்லை என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். தவறு கையில் இருக்கும் பொருளுடையது.

பிடியும் மாறும். பெண்களுக்கான பிடி சற்று மெலிது, எடையும் குறைவு. பெரிய பிடியைச் சிறிய கை பற்றினால் விரல்கள் முழுதாகச் சுற்றி வராது, மணிக்கட்டு இறுகும். தலையின் எடையைக் குறைப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். லேசான மட்டையை வேகமாகச் சுழற்றலாம் என்பது உண்மை. ஆனால் தலை மிக லேசானால் அடியில் கனம் இருக்காது. எங்கே எடையைக் குறைப்பது, எங்கே விட்டுவைப்பது என்பதுதான் மட்டை செய்பவரின் கலை. தண்டிலும் பிடியிலும் குறைத்து, தலையில் ஓரளவு நிறுத்திக்கொள்வார்கள். மம்பட்டிக்கு வரும்போது இதே விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு வேறுபாட்டையும் ஆட்டத்தின் விதிகள் கண்டுகொள்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. குண்டெறிதலில் ஆணுக்கு 7.26 கிலோ, பெண்ணுக்கு 4 கிலோ என்று விதியே சொல்கிறது. ஈட்டியில் 800 கிராம், 600 கிராம். பெண்கள் கிரிக்கெட் பந்தும் ஆண்களுடையதைவிட லேசானது. கோல்ஃபில் அப்படி எதுவும் இல்லை. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது, பந்தைக் குழிக்குள் தள்ளும் பட்டர் என்ற மட்டை தவிர்த்த மற்றவற்றின் நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, டிரைவர் தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்: எல்லாம் இருபாலருக்கும் ஒன்றே. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் நீளத்தை 46 அங்குலமாகக் குறைக்கலாம் என்று வந்த விதியும் அப்படியே. பெண்களுக்காக மாறுவது ஆட்டம் தொடங்கும் இடம்; முன்னால் தள்ளி வைத்த மேடையிலிருந்து அடிக்கலாம். ஆகவே பெண்களுக்கான மட்டை என்று ஒன்று இருப்பது விதியால் அல்ல, தேவையாலும் வியாபாரத்தாலும். இரண்டையும் பிரித்தறிவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-இல் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் ஆடியது பந்தைக் குழிக்குள் தள்ளிவிடும் ஆட்டம் மட்டும். 1890-இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற கோல்ஃப் நூலில் வெல்வுட் பிரபு, பெண்களின் அடி 70, 80 கஜத்துக்குள் இருந்தால் போதும் என்று எழுதினார். அதற்கு மேல் அடிக்க அவர்களுக்கு வலு இல்லை என்பது அவர் வாதம் அல்ல. மட்டையைத் தோளுக்கு மேலே தூக்காமல் அதற்கு மேல் அடிக்க முடியாது, அன்றைய உடையில் ஒரு பெண் அப்படித் தூக்குவது பார்வைக்குச் சரியில்லை என்பதே. மூன்று ஆண்டுக்குள், 1893-இல், பெண்கள் தங்கள் சொந்தக் கூட்டமைப்பை அமைத்து முதல் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியை நடத்தினார்கள். மார்கரெட் ஸ்காட் வென்றார். ஆனாலும் செயின்ட் ஆண்ட்ரூஸின் அந்தப் பழைய ஆண்கள் கிளப் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 வரை ஆயிற்று.

அந்தக் காலத்து மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரம். இரண்டு தண்டு ஒன்றுபோல் வளையாது. ஆடுபவர் பட்டறைக்குப் போய், கையில் எடுத்து வீசிப் பார்த்து, தனக்கு ஒத்ததைத் தேர்ந்து செதுக்கச் சொல்வார். ஆணோ பெண்ணோ, அவரவர் மட்டை அவரவருடையது. 1920-களில் எஃகுத் தண்டை விதி அனுமதித்தது. தொழிற்சாலை ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. ஒரே அளவு வந்த பிறகுதான், அந்த அளவுக்குள் அடங்காதவர்களுக்கென்று வேறு பெட்டிகள் வேண்டியிருந்தன. பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள் என்ற பெயர்ச்சீட்டுகள் அப்படித்தான் ஒட்டின. ஆணின் மட்டையை ஓர் அங்குலம் வெட்டி, தண்டை இளக்கி, இளஞ்சிவப்புச் சாயம் பூசிப் பெண்களுக்கு விற்ற காலம் நெடுநாள் நீடித்தது.

அந்தப் பெயர்ச்சீட்டு எவ்வளவு தூரம் உண்மை? சில எண்களைப் பார்த்தால் விளங்கும். அமெரிக்க ஆண்கள் தொழில்முறைச் சுற்றில் டிரைவரை வீசும் சராசரி வேகம் மணிக்கு 113 முதல் 115 மைல். பெண்கள் தொழில்முறைச் சுற்றில் சுமார் 94. பொழுதுபோக்காக ஆடும் சாதாரண ஆணின் வேகம் சுமார் 93. பொழுதுபோக்காக ஆடும் பெண்ணுக்கு எண்பதுக்கும் கீழே. அதாவது தொழில்முறைப் பெண் ஆட்டக்காரரும் வார இறுதியில் ஆடும் ஆணும் ஒரே வேகத்தில் வீசுகிறார்கள். முதலாமவருக்குப் பெண்களுக்கான மட்டையைக் கொடுத்தால் அவர் ஆட்டமே குலைந்துவிடும். அவர்களில் பெரும்பாலோர் அந்த மட்டைகளைத் தொடுவதும் இல்லை. மறுபுறம், ஆணாகப் பிறந்துவிட்டதால் மட்டும் விறைத்த தண்டைச் சுமந்து திரியும் ஆண்கள் ஏராளம்.

நம் நாட்டுப் பெண் ஒருவரையே சொல்லலாம். பெங்களூருவின் அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 60 பேரில் நான்காவதாக வந்து, பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டார். அந்தக் களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் குட்டை அயர்னால் அடித்த இடத்திலிருந்து அவர் நீண்ட மட்டைகளால் அடித்தார். குழிக்கருகே அவர் கை அபாரமாக வேலை செய்தது. மட்டைகளின் தேர்வு அவருடைய வேகத்துக்குத் தக்கபடி அமைந்திருந்தது, பெண் என்பதற்குத் தக்கபடி அல்ல. போட்டி நடந்த கசுமிகசெகி கிளப் 2017-இல்தான் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்க முடிவுசெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

கோல்ஃப் உலகம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம் அளந்து கொடுப்பது. பிங் நிறுவனத்தை நிறுவிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1970-களில் ஒரு வண்ண அட்டவணை கொண்டுவந்தார். ஆடுபவரின் உயரத்தையும், நிமிர்ந்து நிற்கையில் தரையிலிருந்து மணிக்கட்டுவரை உள்ள தூரத்தையும் அளந்து, அதற்கேற்ற கோணத்தில் தலை பொருந்திய மட்டையை ஒரு வண்ணப் புள்ளியால் குறித்தார். ஆணா பெண்ணா என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. மணிக்கட்டு உயரத்தை எடுத்ததில் நுட்பம் இருக்கிறது: நெட்டையானவருக்குக் கையும் நீளம், ஆகவே உடல் உயரம் மாறும் அளவுக்கு மணிக்கட்டு உயரம் மாறாது. இன்று வேகத்தையும் பந்தின் சுழற்சியையும் ராடார் அளந்து சொல்கிறது. தலை ஒன்று, தண்டு பத்து விதம் என்று மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் ஆக இருக்கலாம், எழுத்துக்குப் பொதுத் தரம் இல்லை என்பதும் இப்படி அளந்த பிறகே பரவலாகத் தெரிந்தது. ஆனால் இந்த வசதி காசுள்ளவருக்குத்தான். கடைத்தட்டில் இருப்பதை வாங்குபவருக்கு இன்றும் பெயர்ச்சீட்டே கதி.

சராசரியை நம்பிக் கருவி செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை வேறொரு துறை முன்பே காட்டியிருக்கிறது. 1950-இல் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்துக்கொண்டு, பத்து அளவுகளிலும் சராசரிக்கு அருகே இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அதன் பின்னரே இருக்கையையும் மிதியையும் முன்பின் நகர்த்தும்படி செய்தார்கள். அந்த விமானிகள் எல்லோரும் ஆண்கள்.

இனி மலைக்கு வருவோம்.

ஜவ்வாது மலையில் ஏர் ஓட்டுவது ஆண். களையெடுப்பு, அறுப்பு, தூற்றுவது, குத்துவது பெண்ணின் பாடு. புளிய மரத்தில் ஏறி உலுக்குபவர் ஆண். பொறுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுப்பவர் பெண். ஏருள்ள விவசாயத்தில் ஆண் கை ஓங்குகிறது, கொத்தி விதைக்கும் விவசாயத்தில் பெண் கை ஓங்குகிறது என்று எஸ்டர் போசரப் 1970-இல் எழுதிய நூல் உலகெங்கும் பேசப்பட்டது. மலைக்கொல்லையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. கலப்பில் குனியும் வேலையெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டன.

மம்பட்டியை எடுத்துக்கொள்வோம். சந்தையில் வாங்குவது இரும்புத் தகட்டை மட்டும். பிடியைத் தனியே வாங்கியோ, காட்டுக்கம்பைச் செதுக்கியோ, தகட்டின் கண்ணில் நுழைத்து ஆப்பு அடிக்கிறார்கள். தலை தொழிற்சாலையில், தண்டு கையில்: கோல்ஃப் மட்டையின் அமைப்புதான் இது. அளந்து பொருத்த வாய்ப்பு தானாகவே இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு மம்பட்டி, அதைச் சந்தையில் வாங்கி வருபவரும் பிடி போடுபவரும் பெரும்பாலும் ஆண். தன் கைக்கு, தன் இடுப்பு உயரத்துக்குப் பார்த்துப் போடுகிறார். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போவது அவர் மனைவி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வருபவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். மண் வெட்டியதை அளவு பார்த்துக் கணக்கெழுதுகிறார்கள். வெட்டிய கருவி யார் உடலுக்கு ஆனது என்று பார்ப்பதற்கு ஆளில்லை.

அந்த உடல்களின் அளவு தெரியாமல் இல்லை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் பல மாநில ஆய்வு மையங்களுடன் சேர்ந்து விவசாயத் தொழிலாளர்களின் உடலளவுகளைத் திரட்டி 2009-இல் நூலாக வெளியிட்டது. உடலளவுகள் 79, வலுவின் அளவுகள் 16. கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தப் பணியில் பங்கெடுத்தது. இந்திய விவசாயத் தொழிலாளி ஆணின் சராசரி உயரம் சுமார் 163 சென்டிமீட்டர், பெண்ணினுடையது சுமார் 151. முழங்கை உயரம் உடல் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு என்று வைத்தால், நின்றுகொண்டு தள்ளும் கருவியின் கைப்பிடி பெண்ணுக்கு ஏழு சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். கைவலு ஆணினுடையதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கோல்ஃப் மட்டையில் ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு பாடு. இங்கே மூன்று அங்குலம் பேச்சற்றுக் கிடக்கிறது.

மம்பட்டியில் எடையைவிடக் கோணம் முக்கியம் என்பது என் கருத்து. தகட்டுக்கும் பிடிக்கும் இடையே உள்ள கோணம் குறுகக் குறுக, வெட்டுபவர் அதிகம் குனிய வேண்டும். சரிவில் மேட்டைப் பார்த்து நின்று வெட்டினால் எதிரே தரை உயர்ந்திருப்பதால் குனிவு குறையும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் முதுகு ஒடியும். சமவெளிக்காக அடித்த தகடு மலைச்சரிவுக்கு அப்படியே பொருந்தாது. எடையைக் குறைப்பதிலும் மட்டை செய்பவரின் பாடம் பொருந்தும். மண்ணைப் பிளப்பது தகட்டின் கனம். பெண்களுக்கு என்று சொல்லித் தகட்டை மெலிதாக்கினால் அது மண்ணில் இறங்காது. ஒரு வெட்டில் ஆகும் வேலைக்கு இரண்டு வெட்டு விழும், தோள்பட்டை வலி மிச்சம். குறைக்க வேண்டியது பிடியின் பருமனை, அதன் தேவையற்ற நீளத்தை, கண்ணைச் சுற்றிய இரும்பை.

அரிவாளில் இது நன்றாகவே நடந்திருக்கிறது. போபால் நிறுவனம் 'நவீன்' என்ற பெயரில் பல் வைத்த அரிவாள் ஒன்றை வடிவமைத்தது. நம் ஊரில் கருக்கரிவாள் என்று தெரிந்ததுதான். அதன் பிடியை மணிக்கட்டு வளையாதபடி அமைத்து, எடையைக் குறைத்திருந்தார்கள். வெட்டுவாய் அரிவாளை அடிக்கடி தீட்ட வேண்டும், ஓங்கி இழுக்க வேண்டும். பல் அரிவாள் அறுத்துக்கொண்டே வரும். சாமைத் தாள் மெல்லியது, அதற்கு இது மிகப் பொருத்தம். பெண்கள் கைக்கு ஒத்துவரும் அந்தப் பிடி ஆண்களுக்கும் வசதியாகவே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சின்ன கைக்குச் சரியாகச் செய்தது பெரிய கைக்கும் பெரும்பாலும் உதவும். மறுதலை உண்மை இல்லை.

போபாலில் இன்னும் பல வந்தன: நின்றபடி விதை ஊன்றும் கருவி, மக்காச்சோளம் உதிர்க்கும் குழாய், உட்கார்ந்து இயக்கும் கடலை உரிப்பான், சக்கரக் களைக்கருவி, தொங்கவிட்டுச் சலிக்கும் தானிய சல்லடை. 1996-இல் புவனேஸ்வரத்தில் வேளாண்மையில் பெண்களுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் அமைந்து, இந்தக் கருவிகளைப் பெண்கள் கையில் கொடுத்துச் சோதித்தது. அதுவே இன்றைய மத்திய மகளிர் வேளாண் நிறுவனம். நேர்மையான, பயனுள்ள வேலை. ஆனாலும் மலையில் இவற்றில் பல கால் வைக்க முடியாததற்குக் கருவி காரணம் அல்ல.

சாமைக்கொல்லைக் களையெடுப்பைப் பார்த்தால் இது புரியும். சக்கரக் களைக்கருவி ஓட வேண்டுமானால் பயிர் வரிசையில் நிற்க வேண்டும். மலையில் சாமையைக் கைவீச்சாகத்தான் விதைத்து வந்திருக்கிறார்கள். பயிரும் களையும் கலந்து முளைக்கின்றன. தொடக்கத்தில் இரண்டும் புல் மாதிரியே இருக்கும். பெண்கள் குந்தியபடி இடக்கையால் சாமைக் கொத்தை விலக்கிப் பிடித்து, வலக்கைக் களைக்கொத்தால் வேரைக் கிள்ளி, எழாமலே காலை நகர்த்தி முன்னேறுகிறார்கள். இடையிடையே பாறை தலைகாட்டும். அந்தப் பெண்ணுக்கு நின்று தள்ளும் கருவி வேண்டுமென்றால், அவள் கணவர் முதலில் வரிசையாக விதைக்க வேண்டும். விதைப்பு ஆணின் வேலை, வரிசையாக விதைத்தால் குறையும் இடுப்புவலி பெண்ணுடையது. ஆகவே வரிசை விதைப்பு வேகமாகப் பரவ அவசரம் யாருக்கும் இல்லை. கருவியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பெண்கள் பயன்படுத்தவில்லை என்று எழுதுவது அநியாயம். நெல்லுக்கு வந்த கோனோவீடர் என்ற களைக்கருவி வரிசைநடவோடு சேர்ந்தே வந்தது, அதனால் அது ஓடியது. ஆனால் அதன் எடையும் சேற்றில் தள்ளும் பளுவும் பெண்களுக்கு மிஞ்சிப்போன இடங்களில் அந்தக் களையெடுப்பு ஆண்கள் கைக்கு மாறியது. கூடவே கூலியும் மாறியது.

உலக்கை தனிக் கதை. அது பெண்ணுக்கென்றே உள்ள கருவி. ஆண் தொடுவது அபூர்வம். அப்படியிருந்தும் அது பெண் உடலுக்கு இரக்கம் காட்டியதே இல்லை. சாமை உமி கெட்டியாக ஒட்டியது. குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் அரிசி பிரியும். ஒரு கருவி பெண்ணுடையது என்பதாலேயே அது பெண்ணுக்கு ஏற்றது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பணியாற்றியபோது தெளிவாகத் தெரிந்தது இது: ரேஷன் அரிசி கையில் கிடைக்கையில் குத்தும் பாட்டுக்கு அஞ்சியே பல வீடுகள் சிறுதானியத்தைக் கைவிட்டன. கருவியின் குறை பயிரையே அழிக்கும் அளவுக்குப் போயிற்று. அங்கே உமி நீக்கும் இயந்திரங்களை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். ஜவ்வாது மலையில் தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2011-இல் தொடங்கிய சிறுதானியத் திட்டம், ஊர் அளவில் ஓடக்கூடிய சிறிய உமி நீக்கும் இயந்திரத்தைச் சீர்செய்வதை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது.

இந்த இயந்திரங்களிலும் உயரக் கணக்கு வந்து நிற்கிறது. தானியம் கொட்டும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? 151 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் சாமை மூட்டையைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் கொட்ட வேண்டுமென்றால், அதை இயக்க ஓர் ஆணைக் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்ட ஆண் கொஞ்ச நாளில் இயந்திரத்துக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுவார். கொட்டும் வாயை ஒரு முழம் தாழ்த்துவது பட்டறையில் அரை நாள் வேலை. அது யார் கையில் இயந்திரம் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே கேள்விக்கு என் விடை இதுதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் பெண்களுக்கான கருவி என்ற பெயர்ச்சீட்டு ஒரு முன்னேற்றம். ஆணின் அளவே மனித அளவு என்ற நினைப்பை அது உடைக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், கோல்ஃபில் நடந்ததுபோல, லேசானது, மெலிதானது, விலை குறைந்தது என்று ஒரு தட்டு உருவாகி அதில் பெண்களை அடைத்துவிடுவார்கள். லேசான கருவி பிடிக்கும் கைக்குக் குறைந்த கூலி போதும் என்று பேசவும் வழி பிறக்கும். ஜவ்வாது மலையில் கட்டுமஸ்தான பெண்களும் உண்டு, மெலிந்த ஆண்களும் உண்டு, மம்பட்டியை விடாத எழுபது வயது முதியவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை பால்வாரியாக இரண்டு மம்பட்டி இல்லை, அளவுவாரியாக மூன்று.

இதற்குப் புதிய ஆராய்ச்சி வேண்டாம். உடலளவு நூல் இருக்கிறது. சமவெளியில் திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அது சாமைக்குப் புதிய ரகம் தருகிறது. விதையோடு சேர்த்து வரிசை விதைப்புக் கருவியையும் பிடியளவுப் பட்டியலையும் அதே வண்டியில் மலைக்கு ஏற்றலாம். தரையிலிருந்து முழங்கைக்கும், தரையிலிருந்து மணிக்கட்டுக்கும் எவ்வளவு என்று ஓர் அளவுகோலில் மூன்று வண்ணக் கோடு போட்டு ஜமுனாமரத்தூரில் மம்பட்டி விற்கும் கடையில் சாய்த்து வைத்தால், பக்கத்தில் நின்று பார்க்க எவருக்கும் படிப்பு வேண்டாம். கடைக்காரர் அந்தந்த வண்ணத்துக்கான பிடியைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொள்வார். ஒரே நிபந்தனை: பிடி வாங்கும் அன்று, அதைப் பிடிக்கப் போகிறவர் கடைக்கு வர வேண்டும்.